கடைசி ஊசி மாமா மடியில்

தோ பாயோ
4 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நிரஞ்சனா எழுதுகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். பதினெட்டு நாளாக நான் அனுப்பும் வாட்ஸ்அப்புக்கெல்லாம் ஒரே ஒரு டிக்தான் விழுகிறது. என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று புரிந்துகொள்ள மெத்தப் படித்திருக்க வேண்டியதில்லை. தபால்காரரைத் தடுக்க உங்களால் முடியாது அல்லவா, அதனால் இந்த ஏற்பாடு.

உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் சிவப்பு வழித்தட ரயிலில் முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்துக்கு ஸ்டாம்பு ஒட்டி அனுப்ப வேண்டியதாகிவிட்டது என் பிழைப்பு.

ரக்ஷனாவை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு வாரம் ஆகிறது. மூன்றாவது தடவையும் இரத்தப் புற்று திரும்பி வந்த பிறகு, "இதுக்கு மேல மருந்து அவளைக் கஷ்டப்படுத்தும், குணப்படுத்தாது" என்று டாக்டர் சொன்னபோது நீங்களும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். நானும் சரத்தும் மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் யோசித்துத்தான் முடிவெடுத்தோம். நீங்கள் ஆஸ்பத்திரி லிஃப்ட் வாசலில், பத்துப் பேர் பார்க்க, "பெத்தவளே புள்ளையைக் கைகழுவிட்டா. இனிமே எனக்குத் தங்கச்சியே இல்ல"ன்னு சொன்னீர்கள். சரத் அதற்குப் பிறகு உங்கள் பெயரை எடுப்பதில்லை. நான் எடுக்கிறேன், வேறு வழியில்லை. உங்களை விட்டால் எனக்குப் பிறந்த வீடு ஏது?

இங்கே வீட்டுக்கே வந்து பார்க்கும் குழு ஒன்று இருக்கிறது. நோயாளிக் குழந்தைகளுக்கென்றே வேலை செய்கிறவர்கள். ஷமீமா என்று ஒரு நர்ஸ் வருகிறார். நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். முதல் நாள் வந்தவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "உனக்கு என்ன சுத்தமா புடிக்காது, சொல்லு"ன்னு கேட்டார். "ஊசி"ன்னாள். உடனே ஒரு தாளில் 'இந்த ரூமில் ஊசி கிடையாது' என்று எழுதி, அவளையே பூ வரையச் சொல்லிக் கதவில் ஒட்டிவிட்டார். மருந்தெல்லாம் இப்போது வாயால்தான். வலி வந்தால் எத்தனை சொட்டு என்று எனக்கும் சரத்துக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எந்த நேரமும் கூப்பிட ஒரு நம்பர் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது.

அவள் உங்களைக் கேட்கிறாள். காது குத்த மாமா எப்போது வருவார் என்று கேட்கிறாள். வாருங்கள் அண்ணா.

நிரஞ்சனா


உட்லண்ட்ஸ்
11 மார்ச் 2024

நிரஞ்சனாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். உன் அண்ணி கண்மணியும் நலம்.

நான் இருபத்தேழு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவன். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டு கதவு திறக்கவில்லை என்றால், "நீங்க உள்ளேயே நிம்மதியா இருங்க, நாங்க வெளிய பூ வரையறோம்"னு சொல்லிவிட்டு வருவது எங்கள் தொழிலில் கிடையாது. திறக்கும் வரை திறப்போம். வெளிநாட்டில் புது மருந்து சோதனை நடக்கிறது என்று நான் தேடிக் கொண்டுவந்த தாள்களை நீ டாக்டரிடம் காட்டினாயா? காட்டினேன் என்பாய். அவர் வேண்டாம் என்றார் என்பாய். அவர் பிள்ளையாக இருந்தால் அப்படிச் சொல்வாரா?

காது குத்தும் விஷயம். அவளுக்கு மூன்று வயதில் நாள் குறித்து, தோடு வாங்கி, என் மடிக்குப் பட்டு வேட்டியும் எடுத்து, அந்த வாரமே காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனதை நீ மறந்திருக்க மாட்டாய். அன்றைக்குச் சிராங்கூன் ரோட்டுக் காளியம்மன் சன்னதியில் நின்று நான் சொன்னது இது: "இவ குணமாகட்டும். உன் சன்னதியிலயே என் மடியில வச்சுக் காது குத்துறேன். நானும் முடி இறக்குறேன்." குணமான பிறகுதான் காது குத்து. அதற்கு முன்னால் குத்தினால் நேர்ந்துகொண்டதற்கு என்ன அர்த்தம்? இப்போது உன் வீட்டு வாசலை மிதித்தால் நீங்கள் எடுத்த முடிவுக்கு நானும் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகும். போட மாட்டேன்.

தோடு என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று அவளிடம் சொல்.

தனசேகரன்


தோ பாயோ
14 மார்ச் 2024

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடலாம் என்று நினைத்தேன். 'தோடு பத்திரமாக இருக்கிறது' என்ற வரிக்காக விட்டேன்.

அவள் லிஃப்ட் இல்லை அண்ணா. உங்களுக்கு வரும் கோபத்தில் பாதி எனக்கும் வருகிறது. அதை யார் மேல் காட்டுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு நான் அகப்பட்டேன். எனக்கு யார் அகப்படுவார்?

அம்மனிடம் நீங்கள் பேசியது பேரம். கடைக்காரர் சரக்கு இல்லை என்று சொல்லிவிட்ட பிறகும் வாசலை மறித்துக்கொண்டு நின்றால் என்ன செய்வது?

சரி, சண்டை போதும். நோன்பு தொடங்கியிருக்கிறது. நேற்று ஷமீமா நோன்போடு வந்தார். வெயிலில் நடந்து வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் அவளுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். இவள், "நீங்க குடிக்கலையா?" என்றாள். "மிஸ் ஃபாஸ்டிங்மா"ன்னார். இவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ நானும் ஃபாஸ்டிங்"ன்னு சொல்லிக் கோப்பையைத் தள்ளிவிட்டாள். நான்கு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, ஒரு வாய் வாங்கிக்கொள் என்று நானும் உயிரை எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது ஸ்பூனை எடுத்தாலே, "அம்மா, ஃபாஸ்டிங் லா" என்கிறாள். கெட்டிக்காரி. ஷமீமா என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், "பசிக்கலைன்னு சொல்ல அவளுக்கு ஒரு மரியாதையான வழி கெடச்சிருக்கு, விட்டுடுங்க"ன்னார். நான் அங்கேயே நின்று அழுதேன். "நீங்க எப்போ சாப்பிட்டீங்க?"ன்னு கேட்டார். எனக்கு ஞாபகம் இல்லை. நோன்பிருக்கும் பெண் எனக்கு இரண்டு தோசை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம். வந்து பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

நிரஞ்சனா


உட்லண்ட்ஸ்
21 மார்ச் 2024

நிரஞ்சனாவுக்கு,

திங்கட்கிழமை உன் அடுக்குமாடி புளோக்குக்கு வந்தேன். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன், கண்மணி எழுதச் சொல்கிறாள். கீழே லிஃப்ட் பட்டனை அழுத்தினேன். வந்தது, கதவு திறந்தது, மூடியது. மூன்று முறை. பக்கத்தில் நின்ற சீனப் பாட்டி, "ஸ்பாயில் ஆ?" என்றாள், பழுதா என்று. என் சட்டையில் கம்பெனிப் பெயர் இருந்தது. "ஓகே, ஓகே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. கோபம் என்று நீ நினைப்பது முழுக்கக் கோபம் இல்லை. நேர்ந்துகொண்டதை நானே உடைத்து, அதற்குப் பிறகு அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், அது என்னால் ஆனதாகத்தானே இருக்கும்? டாக்டர் சொன்னார், நீ சொன்னாய், எல்லாம் சரி. என் கையால் ஆனது என்று ஒன்று இருக்கக்கூடாது. நான் வராத வரைக்கும் அந்தக் கணக்கு திறந்தே இருக்கிறது என்று ஒரு நினைப்பு. பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் என்னால் முடியவில்லை.

அவளுக்கு மாமா வேலையில் இருக்கிறார் என்று சொல்.

தனசேகரன்


தோ பாயோ
28 மார்ச் 2024

அன்புள்ள அண்ணா,

சிரிக்கவில்லை.

இப்போது நான் எழுதப்போவதை நிதானமாகப் படியுங்கள். இரண்டு நாளாக அவளுக்கு ஈறில் இரத்தம் கசிகிறது. எழுந்து உட்கார ஒருவர் பிடிக்க வேண்டும். ஷமீமா இப்போது தினமும் வருகிறார்.

இத்தனை நாளாக எனக்கு ஒன்று புரியவில்லை. வாசல் மணி அடித்தால் போதும், ரக்ஷனா இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொள்வாள். ஷமீமாவாக இருந்தாலும் சரி, எதிர்வீட்டு நஸீஹா கோழிக் கஞ்சி கொண்டுவந்தாலும் சரி. கதவில் தாள் ஒட்டி ஒரு மாதம் ஆகிறது, வீட்டில் ஒருவரும் ஊசியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் கை உள்ளே போய்விடும். நேற்று ஷமீமா நேராகவே கேட்டுவிட்டார். "ஊசி முடிஞ்சு போச்சும்மா, ஏன் பயப்படுறே?"

அவள் சொன்னது: "முடியல. கடைசி ஊசி மாமா மடியில. அது இன்னும் வரல. லாஸ்ட் வரலைன்னா, அதுக்கு முன்னாடி இன்னும் இருக்குல்ல?"

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா அண்ணா? மூன்று வயதில், முதல் முறை முதுகில் ஊசி போட்ட அன்று, அவள் கத்திய கத்தலில் நீங்கள்தான் அவளைத் தூக்கிக்கொண்டு வார்டு முழுக்க நடந்தீர்கள். "இவங்க போடுறதெல்லாம் சும்மா. எல்லாம் முடிஞ்சப்புறம் கடைசி ஊசி மாமா மடியில, காதுல. அதோட ஃபினிஷ்"ன்னு சொன்னீர்கள். அன்றைக்கு அவள் அழுகை நின்றது. அடுத்த நான்கு வருடமும் ஒவ்வொரு ஊசிக்கும் நாங்கள் அதையே சொன்னோம். தப்பு உங்களுடையது மட்டும் இல்லை. பிள்ளையைத் தேற்ற எல்லோரும் சேர்ந்து கட்டிய சொல் அது. இப்போது அவளைப் பயமுறுத்திக்கொண்டிருப்பது அதுதான்.

நீங்கள் வராத வரை கணக்கு திறந்திருக்கிறது என்று எழுதினீர்கள். அவளுக்கும் அப்படித்தான் திறந்திருக்கிறது.

நிஜமாகக் குத்த முடியாது. இரத்தம் நிற்காது என்று ஷமீமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தோட்டின் தண்டை வெட்டிவிட்டு, தோலைப் புண்ணாக்காத பிளாஸ்திரி வைத்து ஒட்டலாம், ஆனால் மாமா மடியில்தான் ஒட்ட வேண்டும் என்கிறார். தோடு உங்களிடம் இருக்கிறது. மடியும் உங்களிடம்தான் இருக்கிறது. வேறு யாரும் இதைச் செய்ய முடியாது.

நாள் அதிகம் இல்லை அண்ணா.

நிரஞ்சனா


உட்லண்ட்ஸ்
4 ஏப்ரல் 2024

நிரஞ்சனா,

உன் கடிதத்தைப் படித்து நான்கு நாள் வேலைக்குப் போய் வந்தேன், என்ன வேலை செய்தேன் என்று தெரியாது. நேற்று லீவு போட்டுவிட்டுச் சிராங்கூன் ரோட்டுக்குப் போனேன். தோடு வாங்கிய கடையில் கேட்டால், பின்சந்தில் மாடியில் பட்டறை வைத்திருக்கும் பத்தரிடம் அனுப்பினார்கள். வயதானவர் இல்லை, என் வயதுதான் இருக்கும். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "புதுசாட்டம் இருக்கே, போடவே இல்லையா?" என்றார். இல்லை என்றேன். தண்டை வெட்டிக் கொடுங்கள் என்றேன்.

"வெட்டிட்டா காதுல எப்படி சார் நிக்கும்?"

"ஒட்டிக்குவோம்."

"பாப்பாவுக்கு என்ன வயசு?"

"ஏழு."

"இன்னும் குத்தலையா? வெட்டாதீங்க சார், நல்ல சாமான். கூட்டிட்டு வாங்க, ரெண்டு நிமிஷ வேலை, நானே குத்தி விடுறேன்."

பெட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வெட்டினார், வெட்டிய இடத்தை அரத்தால் தேய்த்தார், தன் கன்னத்தில் வைத்து உரசிப் பார்த்தார், மறுபடியும் தேய்த்தார். குழந்தைக்குக் கீறக்கூடாது அல்லவா. நான் ஐம்பது வயது ஆள், ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அவர் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

அங்கிருந்து கோவிலுக்குப் போனேன். "சொன்ன சொல்லை நானே உடைக்கிறேன் தாயே. கோபம் இருந்தா என்கிட்ட காட்டு, அவகிட்ட காட்டாதே"ன்னு சொல்லிவிட்டு வந்தேன். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் பாக்கி இல்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறேன். அவளிடம் நிஜமாகவே குத்தியதாகத்தான் சொல்லப்போகிறேன். ஐஸ் வைத்துக் காதை மரத்துப்போக வைத்து, ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, குத்தியாகிவிட்டது என்பேன். அப்போதுதான் அவளுக்கு ஊசி முடிந்ததாக இருக்கும். நீயும் அப்படியே சொல்ல வேண்டும். ஃபிரீசரில் ஐஸ் வை.

சரத் என்னை உள்ளே விடுவாரா?

தனசேகரன்


உட்லண்ட்ஸ்
13 மே 2024

அன்புள்ள நிரஞ்சனா,

பதினாறாம் நாள் காரியத்தன்று உன்னிடம் பேசலாம் என்று இரண்டு தடவை சமையலறைப் பக்கம் வந்தேன். ஆட்கள் இருந்தார்கள். இப்போது உன் நம்பர் என் போனில் திறந்துதான் இருக்கிறது. ஆனாலும் இதைப் போனில் சொல்ல முடியாது. நீதான் எனக்குக் கடிதம் பழக்கிவிட்டாயே.

முதலாவது, லிஃப்ட் வாசலில் நான் சொன்ன சொல். கைகழுவிட்டா என்று சொன்னேன். தோடு கொண்டுவந்த ஞாயிறு முதல் பன்னிரண்டு நாள் உன் வீட்டுக்கு வந்து போனேன். நீ அவளைத் திருப்பிப் படுக்க வைப்பதையும், உதட்டை ஈரத்துணியால் ஒற்றுவதையும், வலி வருவதற்கு முன்பே அவள் புருவத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பதையும் பார்த்தேன். என் நாக்கை அறுத்துப் போட்டால் தேவலாம்.

இரண்டாவது, அந்த வெள்ளிக்கிழமை. காலை எட்டரைக்கு நான் ஆங் மோ கியோவில், பதினோராம் மாடிக்கும் பன்னிரண்டாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்ட லிஃப்டிலிருந்து ஒரு அம்மாவையும் மகனையும் வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். பாக்கெட்டில் போன் அடித்தது. கதவைப் பிடித்திருந்ததால் எடுக்க முடியவில்லை. எடுத்திருந்தாலும் நேரத்துக்கு வந்திருக்க மாட்டேன் என்று கண்மணி சொல்கிறாள். இருக்கலாம். ரக்ஷனாவைச் சரத் நெஞ்சில் சாய்த்துக்கொண்டிருந்தாராம், நீ காலைப் பிடித்துக்கொண்டிருந்தாயாம். வலி இல்லாமல் போனாள் என்று ஷமீமா சொன்னார். அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

மூன்றாவதுதான் என்னைத் தின்கிறது. அந்த ஞாயிறு. நான் ஐஸ் வைத்து அழுத்தினேன், "ஒண்ணு, ரெண்டு, மூணு, முடிஞ்சுது"ன்னேன். அவள் என்னை அண்ணாந்து பார்த்து, "வலிக்கவே இல்ல மாமா"ன்னாள். அந்தக் கண்ணை மறக்க முடியவில்லை. நான்கு வருடம் எத்தனை பேர் எத்தனை ஊசியோடு வந்தாலும், ஏமாற்றாமல் சொல்லிவிட்டுத்தான் குத்தினார்கள். ஏமாற்றியது நான் ஒருத்தன். கடைசியில் அவளிடம் ஒரு பொய்யைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். தூங்கும்போதும் அந்தத் தோடு ஒட்டியபடியே இருந்ததே, எடுக்க விடவில்லையே, அவ்வளவு நம்பினாள்.

நான் செய்தது சரியா? நீயாவது சொல்.

உன் அண்ணன்
தனசேகரன்


தோ பாயோ
21 மே 2024

அன்புள்ள அண்ணா,

முதலாவதை நான் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன். சில நாள் காலையில் எழுந்ததும் அந்தச் சொல்தான் முதலில் வருகிறது. போகப் போகக் குறையும் என்று நினைக்கிறேன். அதற்காக வராமல் இருக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அண்ணியோடு சாப்பிட வாருங்கள். சரத்தே கூப்பிடச் சொன்னார். வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது, எனக்கு அது பிடிக்கவில்லை. ஷமீமா இன்னும் வாரம் ஒரு முறை வருகிறார். பிள்ளை போன பிறகும் வருவார்களாம். நானும் அவரும் சும்மா உட்கார்ந்து தேநீர் குடிக்கிறோம்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு உங்களை யாரும் குற்றம் சொல்லவில்லை. நீங்கள் ஒரு அம்மாவையும் மகனையும் வெளியே எடுத்தீர்கள். எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்றாவதைப் பற்றி நான் உங்களிடம் ஒன்றை மறைத்தேன். மறைக்கச் சொன்னது அவள்.

நீங்கள் வருவதற்கு முன்னால் ஷமீமாவிடம் உங்கள் திட்டத்தைச் சொன்னேன். அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "அவ கேக்காத வரைக்கும் நாம சொல்லணும்னு இல்ல. ஆனா கேட்டான்னா பொய் சொல்லிடாதீங்க"ன்னார். அதனால்தான் அன்று நீங்கள் "முடிஞ்சுது"ன்னதும் நான் கூடச் சேர்ந்து சொல்லாமல், ஐஸ் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

நீங்கள் போகும்போது கையாட்டினாள். கதவு மூடியதும், "அம்மா, மாமா குத்தல. ஒட்டினாரு"ன்னாள்.

ஷமீமா சொன்னது ஞாபகம் இருந்ததால், "ஆமாம்மா"ன்னு ஒப்புக்கொண்டேன். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எனக்கு எத்தனை ஊசி போட்டிருக்காங்க, எனக்குத் தெரியாதா?"

"மாமா மேல கோவமா?"

"இல்ல லா. மாமாகிட்ட சொல்லாதீங்க, அழுவாரு."

மறுநாளிலிருந்து மணி அடித்தால் அவள் கை போர்வைக்கு வெளியேதான் இருந்தது. நீங்கள் செய்தது சரியா தப்பா என்பதற்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

ஆனால் அன்றைக்கு அவள் பேச்சு அதோடு முடியவில்லை. அவளிடம் நாங்கள் யாருமே குணமாகாது என்ற வார்த்தையைச் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. தெரியாது என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன். காதைத் தடவிக்கொண்டே இருந்தவள், கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "நான் குணமாகிடுவேன்னா மாமா நிஜமாவே குத்தியிருப்பாரு. ஸோ, இப்போ மாமாவுக்கும் தெரிஞ்சிடுச்சு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நல்லதும்மா. நான்தான் மாமாகிட்ட சொல்லணுமோன்னு பயந்துகிட்டே இருந்தேன்"ன்னு சொல்லிவிட்டு, திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனாள்.

உங்கள் தங்கை
நிரஞ்சனா